ஹைட்ரோஸில் ஊறிய மூடிகள்

வீரபாண்டிச் சாயப்பட்டறை ஒன்றின் லேபில் ஒன்பது வருடம் கலர் போட்டுப் பார்த்துவிட்டு, முப்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்குப் போனேன். "இந்த வயசுல படிப்பாக்கும்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் வாயை அடைக்கவே மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தேன்.

இரண்டு தங்க முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு மூலக்கூறை நிறுத்தி, அதன் வழியே மின்சாரம் போகிறதா என்று அளப்பதுதான் என் வேலை. எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் அது வழி விடும். திருப்பிக் கொடுத்துவிட்டால் அடைத்துக்கொள்ளும். சுவிட்ச் மாதிரி. ஆய்வேட்டின் உயிரே அதில்தான் இருந்தது.

சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கையில் சனியன் பிடித்தது. நான் எலக்ட்ரான் கொடுக்காமலே, அதாவது சுவிட்சைப் போடாமலே, மின்சாரம் தாராளமாகப் போனது. எத்தனை முறை அளந்தாலும் அதே கதை. "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்த அத்தியாயத்தை எடுத்துருங்கம்மா" என்றார் பேராசிரியர். எடுத்தால் மிச்சம் என்ன, முன்னுரையும் நன்றியுரையுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்குச் சோறு கொண்டுவந்த கணவர், அவரும் சாயக்காரர்தான், என் மூலக்கூறுக் கரைசல் இருந்த குப்பி ஒன்றின் மூடியை எடுத்து மூக்கருகே வைத்தார்.

"ஏம்புள்ள, இங்கயும் ஹைட்ரோஸ் நாத்தம் அடிக்குது?"

மூடியைப் பிடுங்கி நானும் முகர்ந்தேன். கறை பிடித்த கண்ணாடிச் சாமானை ஹைட்ரோஸ் என்ற சாயம் நீக்கும் பொடி கலந்த சுடுதண்ணீரில் ஊறப்போட்டு வெளுப்பது எங்கள் பட்டறைப் பழக்கம். போன வாரம் யாரிடமும் கேட்காமல் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, குப்பிகளை ரப்பர் மூடிகளோடு சேர்த்து ஊறப்போட்டிருந்தேன். கண்ணாடி அலசினால் விட்டுவிடும், ரப்பர் விடுமா? ஹைட்ரோஸின் வேலையே எலக்ட்ரானைக் கொடுப்பதுதான். நான் போட வேண்டிய சுவிட்சை மூடியில் ஊறிய ஹைட்ரோஸே போட்டுவிட்டது. அடி படித்த முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

புது மூடி, புதுக் கரைசல். மின்சாரம் ஏறக்குறைய இல்லை. சுவிட்சைப் போட்டேன், ஏறியது. அணைத்தேன், இறங்கியது. அப்பாடா!

"இப்பவாச்சும் சாப்புடுவியா?" என்றார் அவர். சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

திங்கட்கிழமை மறைக்காமல் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். பேராசிரியர் கெட்டுப்போன வாரத்து அளவுகளையும், நான் சுவிட்ச் போட்டபோது வந்த அளவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். இரண்டும் ஒன்றேதான்.

"எலக்ட்ரானை யார் குடுத்தாலும் உங்க மூலக்கூறு வழி விடுது. இதைவிடச் சாட்சி வேணுமா? வேணும்னே ஹைட்ரோஸ் போட்டு அளந்து, அதையும் சேர்த்துருங்கம்மா."

மறுநாள் வீரபாண்டியிலிருந்து இன்னொரு பொட்டலம் கொண்டுபோனேன், இந்த முறை அனுமதியோடு.