பத்தாவது கட்டத்தில் அப்பா

பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளில் வரிசையாகக் கட்டங்கள். உச்சியில் வெள்ளை, இறங்க இறங்கச் சாம்பல், பிறகு கருப்பு. கடைசி இரண்டு கட்டங்கள் பிரிண்டருக்குப் பின்னால் மறைந்திருந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே பேனாவில் ஆட்களின் பெயர்கள், பக்கத்தில் ஏதோ எண்கள். பத்தாவது கட்டத்தில் என் அப்பாவின் பெயர். ஆட்களை நிறம் பார்த்து வரிசை கட்டியிருக்கிறானே இந்த ஆபரேட்டர் பாவி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெய்வேலியில், சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில் நான் வேலை பார்த்தேன். அப்பாவும் அந்த ஆட்களில் ஒருவர். ஒவ்வொருவருக்கும் மாதாமாதம், சுரங்க வாசலில் காட்ட, போட்டோவுடன் கேட் பாஸ் அடிக்க வேண்டும். பெயர் விவரம் ஏற்றுவது நான். படத்தைச் சரிசெய்து லேசர் பிரிண்டரில் அடிப்பது காடாம்புலியூரிலிருந்து வரும் ஆபரேட்டர் அண்ணன். காலையில் வந்ததும் அந்தக் கட்டத் தாளை ஒன்று அடித்து, லென்ஸ் வைத்து முறைத்துக்கொண்டிருப்பார். டோனர் மைக்குப் பிடித்த கேடு என்று நினைப்பேன். அதைவிட, எங்கள் ஆட்களின் முகத்தை அவர் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பால்காரர் சிரித்தாலே தண்ணீர் கலந்திருக்கிறார் என்று முடிவு கட்டுகிறவள் நான். விடுவேனா?

"ஏண்ணே, எங்காளுங்க மூஞ்சிய எதுக்கு வெளுக்கறீங்க?"

"கேட்டாண்ட போயி பாருங்க, தெரியும்" என்றார், தலையைக்கூடத் தூக்காமல். அவரும் நல்ல கறுப்பு. கறுப்பர்களுக்குத்தான் வெள்ளைப் பைத்தியம் அதிகம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

காண்ட்ராக்டரிடம் போட்டுக் கொடுத்தேன். தாளையும் காட்டினேன். ஆட்கள் காதுக்குப் போனால் வம்பாகிவிடும் என்று அவர் பயந்துபோய், அண்ணனை மறுநாளே நிறுத்திவிட்டார். அண்ணன் லென்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாத பாஸ்களை நானே அடித்தேன். திரையில் எல்லா முகமும் தெளிவாக இருந்தது. தாளில் கொஞ்சம் இருட்டு. இருக்கட்டும், பொய் இல்லையே என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அந்தப் புது பாஸோடு முதல் ஷிப்டுக்குப் போன அப்பா, நான் ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் திரும்பி வந்தார். தூக்குவாளியில் சோறு அப்படியே இருந்தது.

"கேட்டுல வுடலம்மா. பாஸ்ல மூஞ்சே இல்லியாம். எவன் பாஸையோ எடுத்துகினு வந்துட்டேன்னு எல்லாரும் பாத்துகினு இருக்கசொல்லயே ஓரமா நிக்க வெச்சிட்டாங்க."

யார் அடித்த பாஸ் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபீசுக்கு ஓடினேன். சுவரில் இருந்த தாளைப் பிய்த்து, திரையில் உள்ள கட்டங்களோடு வைத்துப் பார்த்தேன். திரையில் பத்தாவது கட்டம் அடர்ந்த சாம்பல். தாளில் முழுக் கருப்பு. லேசர் பிரிண்டரிடம் சாம்பல் நிறம் ஏது? கரும்புள்ளிகளைத் தூவித்தான் அது சாம்பலைக் காட்டுகிறது. சூட்டில் புள்ளிகள் பரவி, இருண்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்பாவின் கண், மூக்கு, கன்னத்துத் தழும்பு எல்லாம் அதில்தான் மூழ்கிவிட்டன. பெயருக்குப் பக்கத்து எண், அந்த முகத்தைத் திரையில் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்ற கணக்கு. அப்பாவுக்கு இருபத்திரண்டு. அந்த எண்ணைப் போட்டு அடித்தேன். சாம்பல் திட்டுத்திட்டாக இல்லாமல் வழவழவென்று இறங்கி, தழும்போடு அப்பா வந்தார்.

பிரிண்டர் மறைத்திருந்த பதினோராவது கட்டத்தை அப்போதுதான் பார்த்தேன். எதிரே "நான்" என்று எழுதி, பேனாவால் அடித்து அடித்துத் திருத்திய ஆறேழு எண்கள். தன் முகத்தில்தான் முதலில் சோதித்திருக்கிறார் மனிதர்.

வெகுநாள் கழித்துக் குள்ளஞ்சாவடி பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்: "அப்பா மூஞ்சி வந்துச்சாங்க?"

"வந்துச்சுண்ணே" என்றேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. பஸ் வந்துவிட்டது, அவர் ஏறிவிட்டார்.

இப்போது நெய்வேலி டவுன்ஷிப்பில் சின்னதாக ஒரு பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். "இன்னாத்துக்குங்க எம் மூஞ்சிய வெளுக்கறீங்க?" என்று என்னையும் சிலர் சந்தேகமாக முறைக்கிறார்கள். முறைக்கட்டும். அந்தத் தாள் என் கடைச் சுவரிலும் இருக்கிறது. பிரிண்டரை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறேன், பதினோராவது கட்டமும் தெரியும்படி.