கொடி பிடித்த நரி

கூலித் தகராறில் என் வயலில் அறுவடை நின்றுபோன வருடம், லைசென்ஸோடு தஞ்சாவூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். துப்பாக்கி எதற்கு என்று கடைக்கார பாய் கேட்டார்.

"நரித் தொல்லைங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"ராத்திரில வருதுங்களா?"

"இல்ல பாய், காலையில எட்டு மணிக்கே கொடியப் புடிச்சிக்கிட்டு வந்துடுது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாய் சிரிக்கவில்லை. துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இத வித்தா எனக்கு லாபந்தான். ஆனா உங்களுக்கு வேண்டியது இது இல்லைங்க. போய் அவங்ககிட்ட பேசுங்க."

ரோஷத்தோடுதான் பஸ் ஏறினேன். ஆனாலும் மறுநாள் வரப்பில் உட்கார்ந்து ஆட்களோடு பேசினேன். கூலி நெல்லில் அரைப்படி கூட்டித்தர நான் ஒப்புக்கொண்டதும் அரிவாளோடு வயலில் இறங்கினார்கள்.

பாய் அன்று வியாபாரத்தை மட்டும் பார்த்திருந்தால், இதை நான் ஜெயிலில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பேன்.