முன்பக்கம் பின்னால் இருந்த கார்

போன மாதம் பழைய கார்கள் சில விருதுநகர் வழியே ஊர்வலமாகப் போயின. ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் கண் நம்பர் பிளேட்டைத் தாண்டவில்லை. பாதிக்கு மேல் எழுத்தின் உயரமே தவறு. ஆனாலும் அவற்றில் ஒன்றுகூட என் மாமா செய்த காருக்குப் பக்கத்தில் நிற்காது.

எனக்கு அப்போது ஏழு வயது. அந்த வருஷம்தான் மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசிக்குக் குடிவந்தோம். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. அம்மாவின் தம்பியான மாமா, கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகிவிட்டு எங்களோடு வந்து தங்கினார். ஓட்டைக் கார் ஒன்றை வாங்கினார். அதன் மேல்கூட்டைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினார். டிக்கி முன்னால் வந்தது, முகப்பு விளக்குகள் பின்னால் போயின. நிஜ ஸ்டீயரிங்கோடு டிக்கிக்குள் ஒளிந்து உட்கார்ந்து, ஒரு துவாரம் வழியே பார்த்து ஓட்டுவார். தெருவில் நிற்பவர்களுக்குக் கார் ரிவர்ஸிலேயே பறப்பதுபோல் இருக்கும். பதிவுப் புத்தகத்தில் ஏற்றாமல் வண்டியின் உருவத்தை மாற்றக் கூடாது. பிற்காலத்தில் அது என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்பாவின் முதலாளி அதைத் தீபாவளி சீசனுக்கு விளம்பர வண்டியாக எடுத்துக்கொண்டால் மாமாவுக்குக் கல்யாணம். வெம்பக்கோட்டையில் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, "தகரம் தட்டுறவனுக்கு எம்பிள்ளையத் தர மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். புதன்கிழமை காலை கடைவீதி ஆபீஸ் வாசலில் நின்று பார்ப்பதாக முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

பின்னால் பார்த்திருந்த சீட்டில், பொய் ஸ்டீயரிங் முன்னால் என்னை உட்காரவைத்தார் மாமா. "ஏட்டி, சும்மா திருப்பிக்கிட்டே இரு. சிரிக்கணும், பல்லு தெரியணும்" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கார் கடந்துவிட்ட தெருதான்.

குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "ஏ மதினி, ஒந்தம்பிக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னே தெரியாதா?" என்று ஒருத்தி கேட்க, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஓடும் காரில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சைலன்சர் வேட்டுப்போல் வெடிக்கும். வேட்டு ஊரில் வேட்டுச் சத்தத்தோடு போய் இறங்கினால் முதலாளி மகிழ்ந்துபோவார் என்பது மாமாவின் எண்ணம். தெருமுனைக்கு வந்ததும் அந்த வித்தையைக் காட்டினார்.

குழாயடியில் சிரிப்பு நின்றது. ஒருவரும் காரைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். வெறும் வெயில். இரண்டாவது சத்தம் கேட்டதும் பெண்கள் ஆலை இருந்த மேற்குப் பக்கம் ஓடினார்கள். ஒரு குடம் உருண்டது. அம்மா செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

ஆபீஸ் வாசலில் காவலாளி மட்டும் நின்றார். "முதலாளி ஆலைக்கு ஓடிட்டாக. எங்கனயோ வெடிச்சிருக்கு. சத்தம் கேக்கலயா?"

மாமா டிக்கியிலிருந்து தலையை நீட்டினார். "அது எங்காருண்ணே."

"ஏலே கிறுக்குப் பயலே! போயி மொதல்ல அதச் சொல்லு!"

ஆலைக்குப் போனபோது வேலையாட்கள் எல்லோரும் வெளியே பொட்டலில் நின்றார்கள். மாமா சொல்லி முடிக்கும்வரை முதலாளி கேட்டார். "இது இனி இந்த ரோட்டுல வரக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்சம் தள்ளி அம்மா நின்றாள். பத்துப் பேர் முன்னால் அப்பாவோடு பேசக்கூடக் கூச்சப்படுகிறவள், அத்தனை பேர் நடுவில் அவர் கையைப் பிடித்திருந்தாள். வெள்ளிப்பொடி அப்பிய விரல்களை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அம்மா, நாந்தான் ஓட்டிட்டு வந்தேன்!" என்று கத்தினேன். திரும்பவில்லை.

வெம்பக்கோட்டைப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. என் கோபமெல்லாம் அம்மா மேல்தான். ஊரில் ஒருவரிடமும் இல்லாத காரை மகள் ஓட்டி வந்து நிறுத்தியிருக்கிறாள். அதைப் பார்க்காமல், தினமும் சோற்றைப் பிசையும் அதே கையில் அவள் அப்படி என்னத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்?