மூளிக்காது

காது மடலில் ஊறிய விளக்கெண்ணெயின் பிசுக்கும் அதில் குழைத்த மஞ்சளின் வாசனையும் இன்றைக்கும் எனக்கு ஆகாது. காது குத்தும்போது பிள்ளைக்கு நோகக் கூடாது என்று, குறித்த நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க, அம்மா என்னை மடியில் கிடத்தி, தன் சொந்தப் பாஷையில் ஏதோ முனகிக்கொண்டே இரண்டு மடல்களையும் நீவி விடுவாள். அவளுடைய ஊரிலும் பெண் பிள்ளைகளுக்குக் காது குத்தி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவார்களாம். சோழவந்தானில் அவளுக்குப் புரிந்த ஒரே சடங்கு அதுதான் என்பதால், யுத்தத்தால் தள்ளிப்போய் என் ஏழாவது வயசில் வந்த அந்தக் காதுகுத்தில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மா பர்மாக்காரி. அப்பா ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தபோது அவளைக் கட்டிக்கொண்டார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் மலையும் காடுமாக நடந்து, வழியில் செத்துக் கிடந்தவர்களைத் தாண்டி, என்னை மாற்றி மாற்றிச் சுமந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். அவள் பெயர் மா மியா. மியா என்றால் மரகதம் என்பதால், "மரகதம்னு கூப்பிடுங்க" என்று அப்பா தன் சனத்திடம் சொன்னார். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. வந்த வாரத்திலேயே தெருவில் யாரோ "சப்பமூக்கி" என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சண்டையில் மட்டும் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "சப்பமூக்கி, தண்ணி எடுத்தாச்சா?" "சப்பமூக்கிக்கு ஒரு கவுளி வெத்தல குடு" என்று சிரித்த முகத்தோடு, பிரியமாகக்கூடச் சொன்னார்கள். முகம் சுளித்தால், "சும்மா வெளாட்டுக்குச் சொன்னதுக்கு இம்புட்டுக் கோவமா?" என்பார்கள். விளையாட்டாம்!

ரங்கூனில் அப்பாவையும் பிழைக்கப் போன மற்றத் தமிழர்களையும் "கலா" என்று ஏசுவார்களாம். கறுப்பன், வந்தேறி எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். அவரைக் கட்டிக்கொண்டதற்காக அம்மாவின் மேலும் அந்த ஏச்சு விழுந்திருக்கிறது. "அங்க ஒங்கப்பாவ. இங்க என்னைய" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். அம்மாவின் அண்ணன்மார் கடலுக்கு அந்தப் பக்கம், இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாது. தோடில்லாத வெறும் காதை "மூளி" என்பார்கள். "மாமன் மடியில ஒக்காராத பிள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்? காலம் பூரா மூளிக்காதோட திரியவா?" என்று அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வரும்போதெல்லாம் கேட்டார்.

கைகொடுக்க வந்தவர் சங்கையா. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர், அப்பாவின் பால்ய சிநேகிதர். "அழுகாத ஆத்தா. நீ எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி. பிள்ள எம்மடியில ஒக்காரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அம்மா அவரை "அண்ணே" என்றாள். தமிழில் அவள் தடுமாறாமல் சொன்ன சொற்களில் அது ஒன்று.

விஷயம் பரவியதும், வெற்றிலை கட்டுகிற இடத்தில் ஆரம்பித்தார்கள். "என்ன மாப்ள, சப்பமூக்கிக்கு அண்ணனாமுல்ல? ஒம் மூக்கு எப்பச் சப்பையாச்சு?" முதலில் அவரும் சேர்ந்து சிரித்தாராம். போகப் போக "சப்பமூக்கி அண்ணன்" என்பதே அவர் பெயராகிவிட்டது. அவர் மகளைப் பெண் கேட்டு ஆனையூரிலிருந்து வந்தவர்கள், "பர்மாக்காரி ஒங்களுக்குச் சொந்தமாமே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள், போனவர்கள் திரும்பவேயில்லை. இதெல்லாம் வெகுகாலம் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

குலசாமி கோயிலில் மனை போட்டு, ஆசாரி தங்கக் கம்பியோடு காத்திருந்தார். சங்கையா வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினால், "மருதைக்குப் போயிட்டாக" என்று பதில் வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமன் முறை உள்ளவர்கள் நாலைந்து பேர் அங்கே நிற்கத்தான் செய்தார்கள், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் மனையில் உட்கார்ந்தாள்.

"நான் வச்சுக்கிறேன்" என்றாள்.

"எந்திரி" என்றார் பெரியப்பா. "சாமிக்கு முன்னால ஒரு சப்பமூக்கி மடியிலயா எங்க வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்துறது?"

தெருவில்தான் அந்தச் சொல் கேட்டிருக்கிறது, வீட்டு ஆட்கள் அவள் முகத்துக்கு நேரே சொன்னது அன்றுதான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். மலைக்காட்டில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தேடி அலைந்த மனுஷன், சொந்த ஊர்க் கோயிலில் வாயைத் திறக்கவில்லை. அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவள் எழுந்து என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வந்ததும் முந்தானையால் என் காதிலிருந்த எண்ணெயை அழுத்தித் துடைத்தாள். நான் வலிக்கிறது என்று அழுதும் நிறுத்தவில்லை. பிறகு யார் சொல்லியும் என் காதைக் குத்த அவள் விடவில்லை, அவள் போன பின்னால் நானும் விடவில்லை. பெரியப்பா சொன்னபடியே எவனும் கட்டவில்லை. வெளியூரில் டீச்சர் வேலை பார்த்து என் வயிற்றை நானே கழுவிக்கொண்டேன்.

இன்று அந்தக் கொடிக்கால்களில் பாதிக்கு மேல் வீடுகளாகிவிட்டன. பெரியப்பா, சங்கையா, கேலி செய்தவர்கள் எல்லாருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அம்மாவின் முகம் தெரிந்தவர்கள் இப்போது யாருமில்லை. போன மாசம் பழைய வீட்டைப் பார்க்கலாம் என்று போனால், வழியே பிடிபடவில்லை. ஆட்டோக்காரரிடம் மரகதம் வீடு என்றேன். "அப்பிடி யாரும் இல்லியேம்மா" என்றார். பர்மாக்காரர் வீடு என்றும் சொல்லிப் பார்த்தேன், தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது, கால் கடுத்தது. வேறு வழியில்லாமல் அந்தச் சொல்லை என் வாயாலேயே சொன்னேன்.

"அட, சப்பமூக்கி சந்துதானே? மொதல்லயே சொல்லக்கூடாதா, ஏறுங்க" என்றார், சிரித்த முகத்தோடு.