கொசுவலையில் ஒரு துளை

நியூசிலாந்துக்கு வந்து இரண்டு வருடமாகியும், படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சாலையில் போகும் வீட்டை நான் முழுதாக நம்பவில்லை. மோட்டார்ஹோம் என்கிறார்கள். வாடகைக்குப் போய்த் திரும்பும் அந்த வண்டிகளின் ஜன்னல் திரைகளையும் கொசுவலைகளையும் சுத்தம் செய்வது என் வேலை. மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே திரையை மடிக்க வேண்டும். அவசரப்பட்டால் மடிப்புக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

போன வாரம் ஒரு வண்டியின் வலையில் விரல் நுழையும் அளவுக்குத் துளை. மேனேஜர் ஹெலன் அதைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். "குமார், ஹவ் டிட் திஸ் ஹேப்பன்?" நீதான் கிழித்தாயா என்றுதான் எனக்குக் கேட்டது. "ஐ நோ டச்" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார், போனில் படம் எடுத்தார், போய்விட்டார். படம் யாருக்குப் போகிறது? என் விசாவே இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. அன்று அவர் சிரித்தபோதுகூட எதையோ மறைக்கச் சிரிப்பதாகப் பட்டது.

திருப்பூரில் ஒருவரை அப்படிச் சந்தேகமாகப் பார்த்தவன் நான். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஒருமுறை ஒரே லாட்டில் வந்த துணி முழுக்க ஓட்டை. கட்டிங் டேபிளில் ஒடிசாக்காரர் தீபக் நின்றிருந்தார்.

"இவன் கத்திரி வேலைதானுங்க" என்றேன் முதலாளியிடம்.

"பாத்துட்டுத்தான சொல்றீங்க?"

"ஆமாங்க."

நான் பார்க்கவில்லை. தீபக் இந்தியில் ஏதோ சொல்லி அழுதார். புரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. அவரை வேலையைவிட்டு அனுப்பிய மூன்றாம் நாள், துணி பின்னும் நிட்டிங் மெஷினில் உடைந்த ஊசி ஒன்று அகப்பட்டது; ஓட்டை போட்டது அதுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

ஹெலன் படம் எடுத்த மறுநாள் காலை அவருக்கு முன்பே போய் அந்த வலையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெட்டியிருந்தால் பிசிறு இருக்கும். இதில் இழைமுனைகள் உருகி உருண்டிருந்தன. ஹெலன் வந்ததும் துளையைக் காட்டி, சிகரெட் பிடிப்பதுபோல் செய்து காட்டினேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். துணி வேலை தெரிந்தவன் என்பதால்தான் நேற்று என்னிடம் கேட்டாராம். படம் எடுத்தது புது வலை வாங்க.

மல்லிகாவுக்குப் போன் செய்து இதையும் தீபக் கதையையும் சொன்னேன். என் மனைவி இன்னும் வீரபாண்டியில்தான் இருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. "ஏனுங்க, அந்தத் தீபக்கக் கண்டுபுடிச்சு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"நெம்பர்கூட இல்லியே, மல்லிகா."

"கேக்கவே இல்லீங்களே நீங்க."

அன்று வேலை முடிந்து வெளியே வந்தவன் வாசலில் நின்றுவிட்டேன். திருப்பூர் கம்பெனியில் தினமும் செக்யூரிட்டியிடம் காட்டியதுபோல் என் கை தானாகவே பையைத் திறந்து பிடித்திருந்தது. இந்த வாசலில் செக்யூரிட்டியே கிடையாது.