மைதான வாசலில் குறுக்கே நின்ற ஆட்டோ

பழனிக்குப் போகிற எங்கள் பஸ் திண்டுக்கல்லில் பஞ்சராகி நிற்கிறது. எதிரே கால்பந்து மைதானத்தின் வாசலில் ஐம்பது பேர் கூடிக் கத்துகிறார்கள். கிளப்புக்குப் புதிய தலைமை நிர்வாகியை நியமித்திருக்கிறார்களாம்.

"அதுக்கா இவ்வளவு கோபம்?" என்று பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் கேட்கிறேன்.

"பின்ன என்ன சார்? ஒரு மேட்ச்சுக்குக்கூட வராத ஆளு. வந்த அன்னைக்கே பொம்பளப் புள்ளைக டீமக் கலைச்சுட்டாரு. எம் மகதேன் கோல்கீப்பர். ரெண்டு நாளா சோறு திங்காமக் கெடக்கா."

அப்போது நிர்வாகியின் கார் வருகிறது. ஆட்டோக்காரர் ஓடிப்போய்த் தன் வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, "இறங்கி வந்து எம் மககிட்ட நேர்ல சொல்லுங்க!" என்று கத்துகிறார்.

கார்க் கண்ணாடி மேலே ஏறுகிறது. ஹாரன் அடித்துப் பார்த்த கார், பின்வாங்கித் திரும்பிப் போகிறது. கூட்டம் விசிலடிக்கிறது. ஆட்டோக்காரர் மட்டும் வண்டியை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.