பெரட்டு எழுத்துப்பிழை அல்ல

எனக்கு அவனைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுநிலையோடு எழுதுகிறேன் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குன்னூர் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். பகடையை உருட்டி, ஒருவர் சொல்லும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து ஆடும் ஆட்டம். கீழே எவர்சில்வர் பாத்திரம், மேலே இந்தப் பாத்திரம் என்று நாங்களே கேலி செய்துகொள்வோம். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவனுக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். கடை அவன் அப்பாவுடையது, மாடி அவர்களுடையது, பகடைகளும் அவனுடையவை. ஆகவே நியாயமும் தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு. பள்ளிக்கூட வகுப்பு இல்லை. வீரன், மந்திரவாதி, திருடன் என்கிற மாதிரி. அந்த ஆளால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்லும் விதிகளின் கட்டு. புத்தகத்தில் இருப்பது போதாது என்றால் நாமே ஒன்றைச் செய்துகொள்ளலாம். அதற்கு ஹோம்ப்ரூ என்று பெயர். இரண்டு வருடம் நான் புத்தகத்தில் இருந்த வில்லாளியாகவே ஆடினேன். எங்கோ பனிக்காட்டில் பிறந்தவள், வாயில் நுழையாத பெயர். அலுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருத்தியாக ஆட ஆசைப்பட்டேன்.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். உள்ளே யாருக்காவது பல் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, வெளியே பழைய எக்ஸ்ரே உறைகளின் பின்பக்கத்தில் என் கிளாஸை எழுதுவேன். நாலு மாதம் ஆனது. அதன் உயிர் ஒரே ஒரு விதியில் இருந்தது. அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தேன்.

அம்மா பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். பாவாடைச் சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவள். அங்கே விடிந்ததும் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் ஒரு களத்தில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். அதுதான் பெரட்டு. இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சொல் அம்மாவை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் என்னை எழுப்புவது, “பெரட்டுக்கு நேரமாச்சு, எழும்பு” என்றுதான். நான் போவது ஏ.சி. போட்ட கிளினிக்குக்கு.

என் விதி இது. பொழுது விடியும்போது என் பாத்திரம் கூட்டாளிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் சொன்னவர்கள் அன்று முழுக்க ஒருவர் காயத்தை இன்னொருவர் பங்குபோட்டுக்கொள்ளலாம். யாராவது பதில் சொல்லாவிட்டால், அந்த ஆள் எந்தத் திசையில் இருக்கிறார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஆனால் கண்டுபிடிக்கும்வரை அவளால் தூங்க முடியாது. இழந்த பலம் திரும்பாது. பாதிக் காயத்தைப் பங்கு போடுவதா, மூன்றில் ஒன்றா என்று முடிவு செய்யவே மூன்று வாரம் நான் ஒருத்தியே உட்கார்ந்து பகடை உருட்டினேன். பாதி என்றால் யாரும் சாகவே மாட்டார்கள். மூன்றில் ஒன்று என்றால் சாவு வரும், ஆனால் தனியாக வராது. அது சரியாக வந்த அன்று எனக்கு நானே பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

மூன்று பக்கத்தில் அழகாக டைப் செய்து அவனிடம் கொடுத்தேன். கேம் மாஸ்டர் சம்மதித்தால்தான் புதிய கிளாஸ் மேசைக்கு வரும். நின்றபடியே புரட்டினான்.

“ஏனுங்க, நல்லாருக்குதுங்க. பலம் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது. பாத்துட்டுச் சொல்றேனுங்க.”

அடுத்த வாரம், “பாத்துட்டிருக்கேனுங்க.” அதற்கடுத்த வாரம், “இன்னும் கொஞ்சம் வேலை இருக்குதுங்க.” அவன் ஒருபோதும் குரல் உயர்த்த மாட்டான். கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பான். நான் வில்லைத் தூக்கிக்கொண்டு பனிக்காட்டிலேயே அலைந்தேன்.

எங்களோடு ஆடுபவர்களில் ஒருத்தி கூடலூர்க்காரி, வங்கியில் வேலை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்கே வந்து போனை நீட்டினாள். “இது நின்ட கிளாஸ் அல்லே? நோக்கு.”

கோயம்புத்தூர்ப் பக்கம் இந்த ஆட்டம் ஆடுபவர்களின் குழு அது. அதில் அவன் ஒரு பி.டி.எஃப். போட்டிருந்தான். தலைப்பு ‘மலைக்காவலன்’. என் பாத்திரத்துக்கு மீசை முளைத்திருந்தது. ஆக்கம் என்ற இடத்தில் அவன் பெயர், தடித்த எழுத்தில். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், ‘நன்றி: எஸ்டேட் நண்பர்கள்’. நான் ஒருத்தி எப்போது நண்பர்கள் ஆனேன் என்று தெரியவில்லை.

குறைகள் என்று அவனே இரண்டு சேர்த்திருந்தான்: எந்த ஊரிலும் நிலைக்க மாட்டான், எவரும் இவனை எளிதில் நம்ப மாட்டார்கள். சிலோனிலிருந்து வந்தவர்களைப் பற்றி ஊரில் சொல்வது அப்படியே இருந்தது. அதற்கு மேலேதான் முக்கிய ஆற்றல் இருந்தது. ‘பிரட்டு: நாளுக்கு ஒருமுறை எதிரியைத் தூக்கித் தலைகீழாகப் பிரட்டிப் போடலாம்.’ கீழே எழுபது, எண்பது பேர் கைதட்டியிருந்தார்கள். ஒருவர், பிரட்டு செம ஐடியா ப்ரோ என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு ஒருவருக்குப் பல் சுத்தம் செய்வதற்குப் பதிலாக வேர் சிகிச்சைக்கு நேரம் கொடுத்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியேறியதும் பகடையைத் தொடவில்லை. நேராகக் கேட்டேன்.

“இது என்னோடது. ஏன் உங்க பேர் இருக்கு?”

“ஏனுங்க இப்படிக் கோவிச்சுக்கறீங்க? உங்க ஐடியாதானுங்க. நாந்தான் ஆடற மாதிரி சரி பண்ணுனேன். நீங்க வேற எழுத்துப்பிழையா எழுதியிருந்தீங்க. பெரட்டுனு. அதையும் திருத்தீட்டேனுங்க.”

“அது பிழை இல்லை. பெரட்டுன்னா பேர் கூப்பிடறது. மூணு பக்கத்துல அதைத்தானே எழுதியிருந்தேன்?”

“படிச்சேனுங்க. பேரு கூப்புட்டா என்னங்க ஆகும்? அதுல ஒரு ஆக்‌ஷனே இல்லைங்களே. பிரட்டுனாத்தான சண்டைக்கு ஆகும்?”

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நாலு பேருக்கு நடுவில் அழுதுவிடுவேனோ என்கிற பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. இவனுக்குத் தெரியாத சொல் எல்லாம் பிழை. இவன் கேட்டிருக்கலாம். கொடுத்த நாளிலிருந்து இருபது படி ஏறி வந்து வாரா வாரம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கூடலூர்க்காரிதான் வாய் திறந்தாள். “சண்டை வேண்டா. இவ பேரு போடு. பழையபடி மாத்து. தீர்ந்துச்சு.”

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். பெரிய மனசு பண்ணுகிறவன் விடுகிற பெருமூச்சு. “சரிங்க. போட்டுட்டாப் போச்சு.” லேப்டாப்பைத் திறந்தான். ஆக்கம் என்ற இடத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்தான். பிறகு விரல் நின்றது. போனை எடுத்து எதையோ தேடினான். பக்கத்தில் நின்றிருந்ததால் எனக்கும் தெரிந்தது. என் எண்ணை அவன் ‘சிலோன் பல்’ என்று பதிந்து வைத்திருந்தான்.

அவன் முகம் சிவந்தது. ஆனாலும் குரல் மாறவில்லை.

“ஏனுங்க, உங்க பேரு சரியா என்னங்க?”

இரண்டு வருடம். ஆட்டத்துக்குள் அந்த வாயில் நுழையாத பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். வெளியே வந்தால் ஏனுங்க. வாங்க, உக்காருங்க, உங்க முறைங்க, டீ சொல்லட்டுங்களா. ஒரு தடவைகூட அவனுக்கு என் பெயர் தேவைப்படவில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்து, வீட்டில் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அவன் விசைப்பலகையில் விரலை வைத்தபடி காத்திருந்தான். கூடலூர்க்காரி என் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். “ஏனுங்க, ஏனுங்க” என்று அவன் மாடியிலிருந்து கூப்பிட்டது கடைவீதி முழுக்கக் கேட்டது. கடைக்கு வந்திருந்த நாலைந்து பேர் தங்களைத்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.